ஒரே ஒரு மூட்டை வாங்குவதென்றால் எந்த மால்ட்?

கேள்வி: வீட்டில் பீர் காய்ச்சுகிறேன், மாதம் ஒரு முறை 20 லிட்டர். பெரும்பாலும் ஏல் (மிதமான சூட்டில் புளிக்கும் பீர்), நடுவில் எப்போதாவது லாகரும் (குளிரில் புளிப்பது) கோதுமை பீரும். பேஸ் மால்ட்டை, அதாவது பீருக்கு அடிப்படையான, முளைகட்டி உலர்த்திய பார்லியை, சில்லறையாக வாங்கி அலுத்துவிட்டது. 25 கிலோ மூட்டையாக எடுத்தால் பில்ஸ்னரா, பேல் ஏல் மால்ட்டா, மாரிஸ் ஆட்டரா?

பதில்: உங்களுக்கு பில்ஸ்னர்தான். நிறத்தையும் வறுத்த வாசனையையும் அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், மால்ட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டதை எடுக்க வழியே இல்லை. பில்ஸ்னர் மால்ட்டின் நிறம் 3 முதல் 4 ஈபிசி (நிறத்தின் அளவு, எண் கூடினால் நிறமும் கூடும்), பேல் ஏல் மால்ட்டுக்கு 5 முதல் 7 வரை போகும். எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் மெல்லிய லாகரில் அது நாக்கில் தெரியும். பில்ஸ்னரோடு பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ கூடுதல் சூட்டில் உலர்த்திய மியூனிக் மால்ட் கலந்தால் ஏலுக்குத் தேவையான கனம் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் ரொட்டி மணம் வேண்டுமா, அரைக் கிலோவைத் தட்டில் பரப்பி ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் வறுத்து, காகிதப் பையில் ஒரு வாரம் ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் மால்ட்டை உலர்த்தும் சூளையின் சூட்டில்தான் அழிகின்றன, குறைந்த சூட்டில் உலர்த்திய பில்ஸ்னரில் அவை நிறைய மிச்சமிருக்கும். அதனால் ஓட்ஸ், முளைகட்டாத கோதுமை என்று சேர்க்கும்போதும் மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம்) காலை வாராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். அந்தக் குறைந்த சூட்டினாலேயே வேகவைத்த சோள வாடை தரும் டிஎம்எஸ் என்ற கந்தகச் சேர்மத்தின் மூலப்பொருளும் பில்ஸ்னரில் கூடுதலாகத் தங்கும். மூடியைத் திறந்துவைத்து 90 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள், பிறகு சீக்கிரம் குளிரவையுங்கள்.

மாரிஸ் ஆட்டர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. 1960களில் இங்கிலாந்தில் வந்த பார்லி ரகம், இன்றைக்கும் அதன் பிஸ்கட் சுவைக்காகவே தேடி வாங்குகிறார்கள். நீங்கள் பிட்டர், போர்ட்டர் போன்ற ஆங்கிலேய ஏல்களை மட்டுமே காய்ச்சுகிறவராக இருந்திருந்தால் யோசிக்காமல் அதையே சொல்லியிருப்பேன்.

கேள்வி: மால்ட்டைக் கடையிலேயே அரவையில் உடைத்து வாங்கலாமா? எவ்வளவு நாள் தாங்கும்?

பதில்: தயவுசெய்து முழு மணியாகவே வாங்குங்கள். நான் ஒருமுறை அரவை இயந்திரம் இல்லையே என்று 25 கிலோவையும் உடைத்தே வாங்கினேன், முதல் மூன்று பீர் அருமையாக வந்தன, நான்காவதில் மால்ட் மணமே இல்லை, ஐந்தாவது பழைய மாவு போல நமத்த வாடை. உடைத்ததும் உமிக்குள் இருந்த மாவில் காற்றும் ஈரமும் ஏறத் தொடங்கிவிடும், சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். முழு மால்ட் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் ஒரு வருடம் வரை நன்றாக இருக்கும். உங்கள் கணக்குக்கு ஒரு காய்ச்சலுக்கு நாலு, ஐந்து கிலோ, ஆக ஒரு மூட்டை ஐந்தாறு மாதத்தில் தீர்ந்துவிடும். பயமில்லை.

சாக்கிலேயே வைக்காதீர்கள், வண்டு வரும். காற்றுப் புகாத டப்பாக்களில் பிரித்துப் போட்டு, வாங்கிய தேதியை மேலே எழுதுங்கள். காய்ச்சுவதற்கு முன் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள்: மொறுமொறுப்பாக உடைந்து லேசாக இனித்தால் சரி, சவசவவென்று இருந்தால் ஈரம் ஏறிவிட்டது.

கேள்வி: மியூனிக் மால்ட்டையே மூட்டையாக வாங்கினால்?

பதில்: தன் மாவுச்சத்தை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு நொதி அதில் பொதுவாக இருக்கும், அதை மட்டுமே வைத்து டுங்கல் என்ற கருநிற ஜெர்மன் லாகர் காய்ச்சலாம். ஆனால் எதைக் காய்ச்சினாலும் அதன் சுவையே மேலோங்கி நிற்கும். ஐந்து கிலோ போதும்.