ஆங்கிலம் பேச வைக்க ஒரு கூடை போதும்

கேள்வி: தரம் 4இல் 38 பிள்ளைகள். ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கிறார்கள், வாய் திறந்து பேசத்தான் மாட்டேன் என்கிறார்கள். புரொஜெக்டர், இன்டர்நெட் ஒன்றும் இல்லை. என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, ஹட்டன்

பதில்: புரொஜெக்டரை விடுங்கள் டீச்சர். பண்டாரவளைப் பக்கம் நான் படிப்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு கொழுந்துக் கூடையும் நாலு கல்லும்தான். 'புட் த ஸ்டோன் அண்டர் த பாஸ்கட்' என்பேன். பிள்ளை பேச வேண்டாம், செய்தால் போதும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வகுத்த வழி இது: உடம்பு முதலில், வாய் பிறகு. 'கூடைக்குக் கீழே' என்று நாம் பின்னால் வைக்கும் 'கீழே' ஆங்கிலத்தில் முன்னால் வந்து நிற்கும். கல்லைக் கையில் பிடித்தவனுக்கு அது விளக்கம் இல்லாமலே பிடிபடும். இரண்டாம் வாரம் பிள்ளைகளே எனக்குக் கட்டளை போட்டார்கள். கூடையை என் தலையில் கவிழ்த்தது வேறு கதை.

உச்சரிப்புக்கும் செலவில்லை. 'பின்' என்று தமிழில் எழுதினால் அது குண்டூசியா, குப்பைத் தொட்டியா? நம் எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். வாய்க்கு முன்னால் கொப்பித் தாள் துண்டொன்றைப் பிடிக்கச் சொல்லுங்கள். குண்டூசி (pin) என்று சொல்லும்போது மூச்சுக் காற்றில் தாள் ஆட வேண்டும், தொட்டிக்கு (bin) அசையக்கூடாது. மழை நாளில் தாள் நமுத்துவிடும், அடுப்படியில் காய வைத்துக் கொண்டு போங்கள்.