ஸ்பெயினுக்குப் பஸ் டூர் சரிவருமா?

அன்புள்ள சார்,

வரும் மே மாதம் நானும் என் கணவரும் ஸ்பெயின் போகலாம் என்று இருக்கிறோம். எனக்கு 61, அவருக்கு 67. அவருக்கு வலது முழங்காலில் தேய்மானம். இங்கே ஒரு ஏஜென்ட் பத்து நாள் பஸ் டூர் ஒன்றைக் காட்டுகிறார். மாட்ரிட், டொலேடோ, கோர்டோபா, செவில்லா, கிரனாடா, வலென்சியா, பார்சிலோனா என ஏழு ஊர். கூடவே டூர் மேனேஜர் வருவார், இரவில் இந்தியச் சாப்பாடு. "பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, இதுதான் சரி" என்கிறார் என் கணவர். "மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போவார்கள், ரயிலும் ஹோட்டலும் நானே போட்டுத் தருகிறேன்" என்கிறாள் மகள். நாங்கள் சைவம், முட்டை பரவாயில்லை. நீங்கள் இரண்டு விதமாகவும் போய்வந்ததாக எழுதியிருந்தீர்கள். எங்களுக்கு எது ஒத்துவரும்?

கோவையிலிருந்து ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள அம்மா,

நீங்கள் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். ஊர்ப் பெயர்களெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு, எந்த ஊரில் எத்தனை ராத்திரி என்று மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பாருங்கள். மாட்ரிட் 2, செவில்லா 2, கிரனாடா 1, வலென்சியா 1, பார்சிலோனா 2. டொலேடோவும் கோர்டோபாவும் இறங்கி ஏறுகிற கணக்கு.

அடுத்து கிலோமீட்டர். மாட்ரிட்டிலிருந்து கோர்டோபா வழியாகச் செவில்லா ஏறக்குறைய 540. அங்கிருந்து கிரனாடா 250, அப்புறம் வலென்சியா 500, பார்சிலோனா 350. ஆக நாலு நாளில் சுமார் 1,640 கி.மீ. ஐரோப்பிய விதிப்படி டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த 45 நிமிடமும் உங்களுக்கு நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில், கழிப்பறை வரிசையில் போகும். கிரனாடாவை விட்டு வலென்சியா போகிற நாளில் பஸ்ஸைத் தவிர வேறு எதுவும் பார்க்க மாட்டீர்கள்.

பஸ்ஸைக் குறை சொல்லவில்லை. என் முதல் ஸ்பெயின் பயணம் இப்படி ஒரு டூர்தான். ஹாயேன் மாகாணத்தைக் கடந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒலிவ மரங்களைத் தவிர ஒன்றுமே இல்லை. குன்றுக்குக் குன்று, சீப்பால் வாரிவிட்ட மாதிரி வரிசை. அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் மரங்களாம். வழியில் ஒரு மேட்டின் உச்சியில் கறுப்புக் காளை நின்றது. 14 மீட்டர் உயரத் தகரக் காளை. 1950களில் ஒரு பிராந்திக்கு விளம்பரமாகத் தொடங்கிய காளை வரிசையில் ஒன்று. சாலையோர விளம்பரங்களுக்குத் தடை வந்தபோது எழுத்தை அழித்துவிட்டு காளையை விட்டுவைத்தார்கள். 1997இல் உச்ச நீதிமன்றமும் 'இருக்கட்டும்' என்றுவிட்டது. இதையெல்லாம் அதிவேக ரயிலில் உட்கார்ந்து இப்படிச் சாவகாசமாகப் பார்க்க முடியாது.

கிரனாடாவின் கோட்டை அரண்மனையான அல்ஹம்ப்ராவிலும் டூர்காரர்களின் அருமை தெரியும். உள்ளே நஸ்ரித் அரண்மனைகளுக்கு மட்டும் டிக்கெட்டில் நேரம் குறித்திருப்பார்கள். அதைத் தவறவிட்டால் விடமாட்டார்கள். டிக்கெட் உங்கள் பெயரில், பாஸ்போர்ட்டோடு. மே மாதத்துக்கு வாரக் கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். டூரில் அந்தத் தலைவலி உங்களுடையதல்ல.

என் மனம் மாறியது செவில்லாவில். பஸ் எங்களை இறக்கிய ஹோட்டல் ஊருக்கு வெளியே. சன்னலைத் திறந்தால் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு டயர் கடை. ஏழரை மணிக்கே பருப்பும் சப்பாத்தியும் போட்டு முடித்துவிட்டார்கள். மே மாதத்தில் அங்கே ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். இந்தப் பட்டப்பகலில் எப்படித் தூங்குவது? நானும் கூட வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாரும் டாக்ஸி பிடித்து ஊருக்குள் போனோம். சால்வடோர் தேவாலயத்துக்கு எதிரே ஆரஞ்சு மரங்கள் நிற்கும் ஒரு சதுக்கம். தேவாலயப் படியெல்லாம் ஆட்கள். கையில் பீர், காலடியில் குழந்தைகள். ஒரு பாட்டி தள்ளுவண்டியில் பேரனை ஆட்டிக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஒரு பையன் பந்தைச் சுவரில் உதைக்க, வாத்தியார் அதை எடுத்துக் கொடுக்க, அரை மணி நேரம் அதே விளையாட்டு. அந்த ஊர் சாப்பிட உட்காருவதே ஒன்பது மணிக்கு மேல்தான். எங்கள் அட்டவணையில் அந்த நேரத்துக்கு 'ஓய்வு' என்று போட்டிருந்தது.

சரி, முழங்காலுக்கு வருவோம். பஸ் டூரில் நடை குறையும் என்று உங்கள் கணவர் நினைக்கிறார். குறையாது. பழைய ஊர்களின் சந்துக்குள் பஸ் நுழையாது. வெளியே நிறுத்திவிட்டு, கொடி பிடித்த கைடுக்குப் பின்னால் கருங்கல் பாவிய தெருவில் முப்பது பேரோடு நடக்க வேண்டும். டொலேடோவில் மேட்டுக்கு ஏற எஸ்கலேட்டர் உண்டு, ஆனால் மேலே போனால் மறுபடி ஏற்ற இறக்கம். தனியாகப் போனால் கால் வலிக்கிற இடத்தில் ஒரு காபி சொல்லிவிட்டு உட்காரலாம். கோர்டோபா மசூதியில் 856 தூண்கள். எனக்கு அங்கே கிடைத்தது நாற்பது நிமிடம். இரண்டாம் முறை தனியாகப் போனபோது ஒரு தூணடியிலேயே அவ்வளவு நேரம் நின்றேன்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். உருளைக்கிழங்கு முட்டை அடை எங்கும் உண்டு. தக்காளி தேய்த்த ரொட்டி, கஸ்பாச்சோ என்கிற குளிர்ந்த தக்காளி சூப், செவில்லாவில் கொண்டைக்கடலை போட்ட பசலைக்கீரை. 'சைவம்' என்று மட்டும் சொன்னால் காய்கறி மேல் பன்றித் துணுக்கையும் சாலட் மேல் சூரை மீனையும் தூவிக் கொண்டுவருவார்கள். 'சின் ஹமோன், சின் அத்தூன்' என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பன்றியும் வேண்டாம், சூரையும் வேண்டாம்.

என் முடிவு கேட்டால், இந்த டூர் வேண்டாம். அதே எட்டு ராத்திரியை மாட்ரிட் 3, செவில்லா 3, கிரனாடா 2 என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாட்ரிட்டிலிருந்து செவில்லாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். கோர்டோபாவை அங்கிருந்தே, பெட்டியில்லாமல், ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். அல்ஹம்ப்ரா டிக்கெட்டை மகள் இப்போதே கவனிக்கட்டும். பார்சிலோனாவை விட்டதற்குச் சண்டைக்கு வருவாள். அங்கே இருக்கிற சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தை 1882இல் கட்டத் தொடங்கினார்கள், ஓடிப்போய்விடாது.

ஒரே ஒரு விஷயம் இதை மாற்றலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ரூமில் வெந்நீர் வரவில்லை என்றால், கீழே இறங்கிப் போய் அரைகுறை ஆங்கிலத்தில் பேசுகிற ஆள் உங்கள் இருவரில் யார்? 'இரண்டு பேருமே இல்லை' என்றால் டூரிலேயே போங்கள், தப்பே இல்லை. அப்படியானால் ஏஜென்டிடம் செவில்லா ஹோட்டலின் பெயரை மட்டும் கேட்டு வாங்கி வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். 'அதற்கு இணையான ஹோட்டல்' என்று மழுப்பினால் விடாதீர்கள். சால்வடோர் தேவாலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் எனக்கு எழுதுங்கள், என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.