பள்ளியில் சேர்ந்ததும் அடிக்கடி ஒன்றுக்கு ஓடும் பிள்ளை: சர்க்கரையாக இருக்குமா?

ஐந்து வயது மகன், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து கால் மணிக்கொரு முறை ஒன்றுக்குப் போகிறான், சர்க்கரையாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள். ஜூனில் பள்ளி திறந்து மழையும் பிடிக்கும்போது இப்படி ஓரிரு பிள்ளைகள் வராத வருடமே இல்லை.

எத்தனை முறை என்பதை விடுங்கள்; எவ்வளவு போகிறான் என்று பாருங்கள். விடுமுறை நாளில் ஓர் அளவுக் குவளையில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வயதில் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 200 மில்லி கொள்ளும். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று ஸ்பூன்தான் வருகிறது, எரிச்சலோ காய்ச்சலோ இல்லை, தூங்கினால் விடியும்வரை எழுவதில்லை என்றால் பெரும்பாலும் மனப் பதற்றம்தான். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்து, மலையாள வகுப்பில் போய் உட்காரும் பிள்ளைகளிடம் இதை அதிகம் கண்டிருக்கிறேன். ஒரு சிறுமி, வருகைப் பதிவேட்டைத் திறந்ததுமே சுண்டு விரலைத் தூக்கிவிடுவாள். கேட்காமலே போய் வரலாம் என்று சொல்லிக் கதவருகே உட்கார வைத்தேன். ஓணம் விடுமுறைக்குள் தானாக நின்றுவிட்டது.

ஆனால் குவளை நிறையப் போகிறான், தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கிறான், சாப்பிட்டும் இளைக்கிறான், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வந்திருக்கிறது என்றால் அன்றைக்கே ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய் சில நாட்களிலேயே முற்றிவிடும். வாந்தியும் மேல்மூச்சும் சேர்ந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

எரிச்சலும் காய்ச்சலும் இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம். உடம்புச் சூடு என்று இளநீரோடு நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கவனிக்காத தொற்று சிறுநீரகம் வரை போகும். எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

மலச்சிக்கல் உண்டா என்றும் பாருங்கள். குடலில் தேங்கியது சிறுநீர்ப்பையை அழுத்தும். மாலையில் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொடுக்கிற வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், திட்டவும் வேண்டாம். வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள்.