மிதித்தால் உதறும் கார்: பிளக்கை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

"வேகம் கூட்டும்போது மட்டும் கார் உதறுகிறது. எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் மாற்றாதீர்கள், இப்போதைக்கு. இதே உதறலோடு நான் மூன்று மாதம் அலைந்தவன். நான்கு பிளக், இரண்டு முன் டயர், ஓர் எஞ்சின் மவுண்டிங் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) எல்லாம் மாறின. உதறல் அப்படியே இருந்தது.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு வர, செம்பனைத் தோட்டத்துக்குள் செம்மண் பாதையில் மூன்று கிலோமீட்டர் வர வேண்டும். குலை ஏற்றும் லோரிகள் உழுதுபோட்ட பாதை. என்னுடையது ஆட்டோ கியர், முன்சக்கர இழுவைக் கார். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் மிதித்தால் இருக்கையும் தரையும் பக்கவாட்டில் ஆடும். ஈப்போவிலிருந்து தைப்பிங் போகும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் வரும் ஏற்றத்தில், மடியில் இருந்த மீன் குழம்பு சேலையில் கொட்டியதை மனைவி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள்.

டவுனில் இரண்டு பட்டறைகளுக்குப் போனேன். இங்கே மெக்கானிக்கைப் போர்மேன் என்றுதான் அழைப்போம். இரண்டு போர்மேன்களும் கை தேர்ந்தவர்கள்தாம். ஆனால் இருவருமே என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று வரவில்லை. நின்ற வண்டியின் மூடியைத் திறந்து பார்த்தே முடிவுக்கு வந்தார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தவர், தோட்டத்து டிராக்டர் பட்டறையில் காலம் கழித்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா. "தம்பி, ஓடினால் ஆடுகிறதா, மிதித்தால் ஆடுகிறதா?" என்றார். எனக்கு அந்த வேறுபாடே அதுவரை தோன்றவில்லை.

லிந்தாங் சாலையில் என்னை 80-இல் ஓட்டவிட்டார். "காலை எடு." உதறல் நின்றது. "மிதி." மறுபடியும் வந்தது. "டயர் இல்லை" என்றார். பேலன்ஸ் போன சக்கரம் வேகத்துக்குத்தான் ஆடும். அந்த வேகத்தில் நீங்கள் மிதித்தாலும் விட்டாலும் ஸ்டீயரிங்கில் தெரியும்.

அடுத்தது எஞ்சின். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டால் வண்டி முன்னும் பின்னும் வெட்டி இழுக்கும், ஏற்றத்தில் இழுவை குறையும், பெரும்பாலும் எஞ்சின் விளக்கும் எரியும். உங்களுக்கு அப்படியென்றால் ஸ்கேனர் (காரின் கணினியிலிருந்து பிழைக் குறியீட்டைப் படிக்கும் கருவி) போடுங்கள். பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர். அதன் காயிலை (பிளக்குக்கு மின்பொறி தரும் சுருள்) மூன்றாவதோடு இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. காசு செலவில்லாத சோதனை. விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் மட்டும் தொடர்ந்து ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். என் காரில் விளக்கும் இல்லை, இழுவையும் குறையவில்லை.

ஆட்டோ கியர் என்பதால் இன்னொரு சந்தேகமும் இருந்தது. கியர் எண்ணெய் பழசாகிவிட்டால், எஞ்சினையும் ஆட்டோ கியரையும் எண்ணெய் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டு சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். மெதுவாக மிதித்துச் சீரான வேகத்தில் போகும்போது, சாலையோர வரிக்கோடுகளில் ஏறியதுபோல் கடகடக்கும். ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொட்டால் பூட்டு விடுபட்டு அந்த நொடியே நின்றுவிடும். பின்னால் வண்டி இல்லாதபோது செய்து பாருங்கள். எனக்கு நிற்கவில்லை. மனுவல் காரில் இந்தத் தொல்லை கிடையாது. அதில் கிளம்பும்போது மட்டும் உதறினால் கிளச்சைப் பாருங்கள்.

மிச்சமிருந்தது டிரைவ் ஷாப்ட், கியர் பெட்டியிலிருந்து சக்கரத்தைச் சுழற்றும் தண்டு. மாமா முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி (வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள்) டார்ச் அடித்தார். இடது ஷாப்டின் உள்மூட்டில், கியர் பெட்டியை ஒட்டிய ரப்பர் உறை மடிப்போடு மடிப்பாகக் கிழிந்திருந்தது. சுற்றிலும் கறுப்புக் கிரீஸும் செம்மண்ணும் பிசைந்த களிம்பு அப்பியிருந்தது.

சக்கரத்தை ஒட்டிய வெளிமூட்டு கெட்டால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டிக்டிக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். உள்மூட்டு அப்படிச் சத்தம் போடாது. அதற்குள் மூன்று உருளைகள் மூன்று பள்ளங்களில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே சுழல்கின்றன. பள்ளம் தேய்ந்துவிட்டால், எஞ்சின் இழுக்கும்போது உருளை நகராமல் சிக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று முறை ஷாப்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. காலை எடுத்தால் இழுவிசை போகிறது, தள்ளலும் போகிறது. மூட்டைக் கழற்றித் துடைத்த பிறகு பள்ளத்தின் சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத குழியில் நகம் மாட்டி நின்றது.

உறை மட்டும் கிழிந்து உதறல் இன்னும் தொடங்கவில்லையென்றால், கழுவிப் புதுக் கிரீஸும் உறையும் போட்டால் போதும். உதறத் தொடங்கிய பிறகு உறை மாற்றுவது வீண்வேலை, மூட்டையே மாற்ற வேண்டும். நான் ஈப்போவில் ஒரு ஹாப்கட் கடையில் (பழைய கார்களைப் பிரித்து உதிரிப் பாகம் விற்கும் கடை) பழைய ஷாப்ட் வாங்கினேன். நீங்களும் அப்படி வாங்கினால் முனையின் பற்களை எண்ணிச் சரிபாருங்கள், ஏபிஎஸ் பிரேக்குக்குச் சக்கர வேகம் காட்டும் பல் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், உறையை விலக்கி நகச் சோதனையையும் அங்கேயே செய்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஷாப்டை உருவும்போது கியர் எண்ணெய் ஒழுகும். மாட்டியபின் அளவு பார்த்து, அந்தப் பெட்டிக்குரிய எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

மாட்டிய அன்று மாலை அதே சாலையில் 90 வரை மிதித்தேன். ஓர் அசைவும் இல்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மாமா கேட்டார்: "நன்றாயிருந்த அந்த இரண்டு டயரை என்ன செய்தாய்?" கடையிலேயே விட்டுவிட்டு வந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.