கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வி: என்னிடம் 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் அருமையாக ஓடுகிறது. சூடேறிய பிறகுதான் தொல்லை. ஒரு சிக்னலில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) 1,500 ஆர்பிஎம்முக்கு ஏறி அங்கேயே நிற்கும். அடுத்த சிக்னலில் எஞ்சின் அணைந்துவிடும். ஒரு கராஜில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இரண்டு கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோலைக் கூட்டி வைத்தார்கள். இப்போது முன் இரண்டு பிளக்கும் கரி பிடித்திருக்கின்றன, பின் இரண்டும் வெளுத்திருக்கின்றன. புது கார்புரேட்டர் ஜோடி வாங்கிவிடலாமா ஐயா?
— வாசகர், ஹாரோ, இங்கிலாந்து

பதில்: இப்போது வேண்டாம். பாதி பதிலை உங்கள் பிளக்குகளே சொல்லிவிட்டன.

இந்த எஞ்சினில் 1, 2 சிலிண்டருக்குச் சேர்த்து ஒரு இன்லெட் வழி, 3, 4க்குச் சேர்த்து இன்னொன்று. முன் கார்புரேட்டர் முதல் ஜோடிக்கு, பின்னது அடுத்த ஜோடிக்கு. பிளக் வெளுத்தால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். பின் ஜோடி மட்டும் வெளுத்திருக்கிறது என்றால் அந்தப் பக்கம் எங்கோ ஓட்டை வழியே கள்ளக் காற்று உள்ளே போகிறது. சோக் இழுத்தால் ஒழுங்காக ஓடுவதும் அதனால்தான்: கூடுதல் பெட்ரோல் அந்தக் காற்றை ஈடுகட்டிவிடுகிறது. கராஜ்காரர்கள் ஓட்டையைத் தேடாமல் இரண்டு பக்கமும் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார்கள். நன்றாக இருந்த முன் பக்கமும் கெட்டதுதான் மிச்சம்.

முதலில் பின் கார்புரேட்டரின் த்ராட்டில் ஸ்பிண்டிலை (காற்றுக் கதவைத் திருப்பும் தண்டு) பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். உங்கள் வண்டியின் எஸ்யூ எச்எஸ்4 வகைக் கார்புரேட்டரில் இந்த ஸ்பிண்டில் நேரடியாக அலுமினிய உடலிலேயே சுழல்கிறது; தேய்ந்தால் இரு முனையிலும் காற்று இழுக்கும். எஞ்சினை ஐடிலில் விட்டு, அந்த முனைகளில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சத்தம் மாறினால் திருடன் பிடிபட்டான். கார்புரேட்டருக்கும் இன்லெட் மேனிஃபோல்டுக்கும் (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) நடுவிலுள்ள கேஸ்கெட்டுகளிலும் இதையே செய்யுங்கள். பலர் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கிறார்கள். எக்சாஸ்ட் மேனிஃபோல்டு அதற்கு நேர் கீழே சூடாக இருக்கும் வண்டியில் எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஸ்பிண்டில்தான் குற்றவாளி என்றால் புது ஸ்பிண்டில் போடுங்கள். உடலும் தேய்ந்திருந்தால் புஷ் (உள்வளையம்) அடித்துத் தருவார்கள். புது ஜோடியின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

உங்கள் ஆண்டு வண்டியில் இன்லெட் மேனிஃபோல்டின் மேல் காளான் போல ஒரு ஸ்மித்ஸ் வால்வு உட்கார்ந்திருக்கும். கிராங்க்கேஸில் (எஞ்சினின் அடிப்பகுதி) சேரும் புகையை இழுப்பது அதன் வேலை. உள்ளே ரப்பர் டயஃப்ரம். கிழிந்தால் அதுவும் கள்ளக் காற்றுக்கு வாசல். சோதனை எளிது: சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் வேகம் சுமார் 200 ஆர்பிஎம் கூட வேண்டும். அசையவே இல்லையென்றால் வால்வைக் கழற்றிப் பாருங்கள்.

சரி, 1,500ல் போய் நிற்பது ஏன்? சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா பாருங்கள். அப்புறம் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். உள்ளே இருக்கும் சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்தாலோ, எடைகள் துருவில் ஒட்டிக்கொண்டாலோ, டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னே போய் அங்கேயே நிற்கும், ஐடிலும் கூடவே நிற்கும். ரோட்டரைக் கையால் திருப்பி விட்டால் சட்டென்று திரும்பி வர வேண்டும். சோம்பிப் போய் வந்தால் சுத்தம் செய்து எண்ணெய் விடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் தொட்டு விடும் முனைகள்) தகடு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும்.

பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம். டேப்பெட் (வால்வு) இடைவெளியும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதே 0.015. அம்பாசடரில் வேலை பழகியவர்களுக்கு ஒன்பது கணக்கு மறக்காது: திறந்த வால்வின் எண்ணும் இடைவெளி வைக்க வேண்டிய வால்வின் எண்ணும் கூட்டினால் ஒன்பது. 1ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8ஐ வை, 3 திறந்தால் 6ஐ வை. அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் உங்களுடைய 1798 சிசியும் ஒரே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரீஸ் குடும்பம்தானே!

இவ்வளவும் முடிந்த பிறகே கார்புரேட்டர். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு ஜெட் நட்டுகளையும் மேலே முழுதாக ஏற்றி, 12 பட்டை, அதாவது இரண்டு சுற்று, கீழே இறக்குங்கள். ஸ்பிண்டில்களை இணைக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் காற்றுச் சீறலைக் கேட்டு சமப்படுத்துங்கள். பிறகு கார்புரேட்டர் பிஸ்டனை, அதைத் தூக்கும் சிறு ஊசியால் லேசாக, ஒரு மில்லிமீட்டருக்குள், தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் தடுமாறினால் குறைவு. ஒரு கணம் கூடித் திரும்பினால் சரி. பழைய கையேடு ஐடிலிங் 500 என்கிறது. இந்த வயது எஞ்சினுக்கு 700, 800 இருக்கட்டும்.

கேள்வி: எஸ்யூ கார்புரேட்டரின் மேல் குழாயில் கெட்டி ஆயில் ஊற்றினால் ஐடிலிங் நிதானமாகும் என்கிறார்களே?
— வாசகர், லெஸ்டர்

பதில்: ஆகாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி எழாமல் தடுக்கத்தான் அந்த ஆயில். ஐடிலில் பிஸ்டன் ஏறக்குறைய அசையாமல் இருக்கும், ஆயிலுக்கு அங்கே வேலை இல்லை. 20 கிரேடு ஊற்றுங்கள், போதும்.