கடல்கல் சுவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கீழக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கடல் சூடாகிப் பவளப்பாறைகள் வெளிறுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "செத்த இடத்துல புதுசா நட்டுட்டா போச்சு டீச்சர்" என்றான். நட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன். "அப்ப எதுக்குக் கவலைப்படணும்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று. எங்கள் மாமனார் வீட்டுப் பின்சுவர் அந்தக் காலத்தில் கடலில் வெட்டி எடுத்த பவளக்கல்லால் கட்டியது. அந்தப் பாடம் எடுத்த நாளிலிருந்து அதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

பையனைக் கைவிட்டுவிடாதீர்கள். அவன் கேட்டதற்கு விடை தேடித்தான் பல நாடுகள் கோடிகளைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. இதை வகுப்பில் முதலில் சொல்லிவிடுங்கள். பவளம் என்பது கண்ணாடி போன்ற உடலுள்ள சிறு உயிர். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் சர்க்கரை செய்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. பவளத்தின் சாப்பாட்டில் 90 விழுக்காடு வரை இந்த வாடகைதான். நிறமும் பாசி கொடுத்ததே. வழக்கமான உச்சக்கோடை வெப்பத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும், பாசியின் சமையல் கெட்டு நச்சு கக்கத் தொடங்கும். பவளம் அதை வெளியேற்றிவிடும். அப்போது சதைக்கு அடியிலுள்ள சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. உயிர் இருக்கிறது, ஆனால் பட்டினி. சீக்கிரம் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிராவிட்டால் சாவுதான்.

ஆகவே கேள்வி வெப்பத்தைப் பற்றியது மட்டும் அல்ல. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே எத்தனை வருடம் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

உங்கள் ஊர்க் கடலையே பாருங்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பல ஆண்டுகளாக மூழ்கி அளந்து வருகிறார்கள். கடலில் பவளக்கல் வெட்டி எடுப்பது நின்ற 2005 வாக்கில், பாறைத்தளத்தில் உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு சுமார் 37 விழுக்காடு. நாலே வருடத்தில் 43-ஐ ஒட்டி ஏறியது. 2010 கோடையில் வெளிறி 33-க்கு விழுந்தது. மறுபடி மெல்ல 39 வரை வந்தது. 2016 கோடை அதை ஒரே அடியில் சுமார் 23-க்கு இறக்கிவிட்டது. கல் எடுப்பதை நிறுத்தியதும் பவளம் தானாகவே எழுந்தது, யாரும் தூக்கிவிடவில்லை. எழுந்து நிற்பதற்குள் அடுத்த அடி விழுந்தது, அவ்வளவுதான்.

உலகக் கணக்கும் இதே கதைதான். 1980-களின் தொடக்கத்தில் ஓர் இடத்தில் கடுமையான வெளிறல் 25, 30 வருடத்துக்கு ஒருமுறை வந்தது. இப்போது சராசரி ஆறு வருடம். வேகமாக வளரும் பவளங்களே மீண்டுவரப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என்று வெளிறியிருக்கிறது. இந்த வருடங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நடுவில் உள்ள இடைவெளிகளைப் பையனையே கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நடுவது? நடுவதற்கு எடுப்பவை பெரும்பாலும் மான்கொம்பு மாதிரி கிளைவிடும் இனங்கள். ஒடித்து வைத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், வெப்பத்தில் முதலில் சாய்வதும் அவைதான். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பல வருடங்களாக அப்படி நட்டு வளர்த்தார்கள். 2023 கோடையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் நாற்றங்காலில் இருந்தவற்றை அள்ளிக்கொண்டு கரையிலுள்ள தொட்டிகளுக்கு ஓடினார்கள். கடலில் இருந்த இரண்டு முக்கியக் கிளைப்பவள இனங்களில், ஃப்ளோரிடா கீஸ் தீவுப் பகுதியில் சுமார் 98 விழுக்காடோ அதற்கு மேலோ செத்துப்போனது. அதற்காக நடுவது வீண் என்று சொல்லமாட்டேன். கரைத் தொட்டியில் உயிரோடு இருப்பவை விதைநெல் மாதிரி. ஆனால் மழையே இல்லாத ஊரில் விதைநெல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மற்ற வழிகளில் எனக்கு மதிப்பு இருப்பது, சூடு தாங்கும் தாய்ப்பவளங்களைத் தேர்ந்தெடுத்து இணைசேர்க்கும் வேலை. நம் நெல் ஆராய்ச்சிக்காரர்கள் செய்வது போன்றதுதான். ஆஸ்திரேலியாவில் கடல்நீரைப் புகையாகத் தெளித்து மேகத்தை வெளுப்பாக்கி நிழல் தரப் பார்க்கிறார்கள். அது இன்னும் சோதனைதான். வெயிலுக்குப் பூசும் சன்ஸ்கிரீன் களிம்பு பவளத்தைக் கெடுக்கும், அதைத் தடை செய்ய வேண்டும் என்று நிறையப் பேசுகிறார்கள். வெளிறலைப் பொறுத்தவரை அது மிகச் சின்ன விஷயம்.

உள்ளூரில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சாக்கடையும் உரநீரும் கடலில் சேராமல் பார்ப்பது, பாறைமேல் வலையை இழுக்காமல் இருப்பது, கிளிமீனை விட்டுவைப்பது. பாறையில் படரும் பாசியைச் சுரண்டித் தின்று, குட்டிப் பவளம் ஒட்ட இடம் பண்ணுவது கிளிமீன்தான். இதெல்லாம் வெளிறலைத் தடுக்காது. மீண்டுவரும் காலத்தைக் குறைக்கும். இடைவெளியை நீட்ட வேண்டுமென்றால் நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பது குறைய வேண்டும், அதற்குக் குறுக்குவழி கிடையாது. பூமி 1.5 டிகிரி சூடானால் வெப்பக்கடல் பவளங்களில் 70 முதல் 90 விழுக்காடு போய்விடும், 2 டிகிரியில் ஏறக்குறைய எல்லாமே போய்விடும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2018-இலேயே எழுதிவிட்டது. எதுக்குக் கவலைப்படணும் என்று பையன் கேட்டதற்கு இதுதான் பதில்.

அப்புறம் உங்கள் மாமனார் வீட்டுச் சுவர். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்பு தரும் முதல் அட்டவணைக்குள் வந்தது. அதற்கு முன்பு உங்கள் கரையில் வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் அந்தக் கல்தான் என்பது ஊரறிந்த விஷயம். கூச்சப்பட்டு என்ன ஆகப்போகிறது? பூச்சு உதிர்ந்த இடமாகப் பார்த்து ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பொட்டுப் பொட்டாகக் குழிகள் தெரியும், சிலவற்றில் நட்சத்திரம் மாதிரி கோடுகள் இருக்கும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்த இடம். மாமனார் சம்மதித்தால் வகுப்பையே ஒருநாள் அங்கே கூட்டிப்போங்கள்.