பெரியாஸ்பத்திரி வாசலும் மாநகர சபையும்: கேட்டதும் சொன்னதும்

உள்ளூராட்சி சபைகளில் முப்பது வருடம் கோப்புத் தூக்கியவன் என்ற ஒரே தகுதியில்தான், யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியையும் மாநகர சபையையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். 'ஆஸ்பத்திரியைச் சபை தட்டிக் கேட்க ஏலாதா? நகரத்தை யார் திருத்துவது?' இந்த இரண்டையும் சுற்றித்தான் பெரும்பாலான கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலதுக்கு ஒரு வரி போதும், சிலதுக்கு இழுத்துத்தான் சொல்லவேண்டும்.

கேள்வி (வண்ணார்பண்ணை): ஐயா, அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு விடியவே போய் நம்பர் எடுத்தாலும் வீடு வர மத்தியானம் தாண்டிவிடுகிறது. எங்கள் வட்டார உறுப்பினரிடம் சொன்னால் 'அது எங்கடை அதிகாரத்துக்குள் வராது' என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?

பதில்: இல்லைத் தம்பி, அவர் சொன்னது சரிதான். ஆனால் பாதியோடு நிறுத்திவிட்டார். 1987 இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி பொது வைத்தியசாலைகளும் கிராமிய வைத்தியசாலைகளும் மாகாணத்துக்குப் போயின. போதனா வைத்தியசாலைகளையும் விசேட நோக்கத்துக்கான வைத்தியசாலைகளையும் கொழும்பு தன்னோடு வைத்துக்கொண்டது. ஆகவே நாங்கள் பெரியாஸ்பத்திரி என்கிற யாழ் போதனா வைத்தியசாலைக்கு மேலிடம் மத்திய சுகாதார அமைச்சு. மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளுக்கு மேலிடம் மாகாண சுகாதாரத் திணைக்களம். இந்த இரண்டு வரிசையிலும் மாநகர சபைக்குக் கதிரை இல்லை.

வரலாறும் அப்படித்தான். 1850 இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் காலத்தில் ஒரு தரும வைத்தியசாலையாகத் தொடங்கியது அது. 1907 இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. யாழ்ப்பாணம் மாநகர சபையாக உயர்ந்ததோ 1949 இல். ஆஸ்பத்திரி நூறு வயதைத் தொடும்போதுதான் மேயர் என்று ஒருவரே வந்தார்.

அவர் சொல்லாமல் விட்ட பாதி என்னவென்றால், உறுப்பினர் ஒருவர் சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். அது நிறைவேறினால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கும் அமைச்சுக்கும் கடிதமாகப் போகும். கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் நடக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பாராளுமன்ற உறுப்பினர் வழியாக அதை எழுப்பலாம். அங்கே வைத்தியசாலைத் தரப்பும் பதில் சொல்ல வருவார்கள். கட்டளையிடும் அதிகாரம் இல்லைத்தான், கேட்கும் வாய் இருக்கிறது.

கேள்வி (ஹரோ, லண்டன்): இங்கே எங்கள் கவுன்சிலில் சுகாதாரத்தைக் கண்காணிக்க ஒரு குழு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரரைக் கூப்பிட்டு நேருக்கு நேர் கேள்வி கேட்கிறார்கள். ஊரில் ஏன் இது முடியாது?

பதில்: அங்கே அது சட்டம். 2001 இல் கொண்டுவந்த சட்டம் கவுன்சில்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. சுகாதார சேவையினர் குழுவின் முன் வந்து தகவல் தரவேண்டும். ஒரு பிரிவை மூடுவது, இடம் மாற்றுவது போன்ற பெரிய மாற்றம் என்றால் முன்கூட்டியே குழுவோடு கலந்து பேசவேண்டும். 2013 ஏப்ரலில் பொதுச் சுகாதாரப் பொறுப்பும் கவுன்சில்களின் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் அங்கேயும் எல்லாம் தேன் என்று எண்ணவேண்டாம். ஒரு மாற்றம் பிடிக்காவிட்டால் அமைச்சரிடம் முறைப்படி பாரப்படுத்தும் உரிமை அந்தக் குழுக்களுக்கு இருந்தது. 2024 ஜனவரி 31 உடன் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அமைச்சர் தலையிடும்படி யாரும் கேட்கலாம், தலையிடுவது அவர் விருப்பம். கேள்வி கேட்கும் மேசை மட்டும் மிச்சம். அந்த மேசையாவது எங்களுக்கு வேண்டும் என்பதுதான் என் வாதம். அதற்குக் கொழும்பில் சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சபை அழைத்து, பணிப்பாளர் மனம் வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து உட்கார்ந்தால் போதும். வராவிட்டால் சட்டத்தைக் காட்டி இழுக்க முடியாது, அவ்வளவுதான்.

கேள்வி (குருநகர்): ஆஸ்பத்திரிப் பக்கத்து வடிகான்களில் கறுப்புத் தண்ணி நிற்கிறது, மணம் தாங்க ஏலாது. ஆஸ்பத்திரிக் கழிவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். யாரிடம் போவது?

பதில்: 'எல்லாரும் சொல்கிறார்கள்' என்றதும் எனக்குப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் வேலை செய்த ஒரு சபையில் (பெயர் வேண்டாம்) இதே முறைப்பாடு. ஓர் ஆஸ்பத்திரி மதிலோடு ஓடும் கான். கோப்பு மூன்று விரல் தடிப்பு. சபை ஆஸ்பத்திரிக்கு எழுதும், ஆஸ்பத்திரி 'எங்கள் கழிவு உங்கள் கானுக்குள் வருவதில்லை' என்று திருப்பி எழுதும். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

ஒருநாள் வேலைப்பகுதி மேற்பார்வையாளர் பொறுமை இழந்து, இரண்டு தொழிலாளரையும் ஓர் அலவாங்கையும் கூட்டிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். மதிலோடு இருந்த முதல் மூடியைக் கிளப்பினால் அடியில் காய்ந்த மணலும் இரண்டு யோகட் கப்பும். பத்து மூடி தள்ளிக் கிளப்பியபோதுதான் மணம் முகத்தில் அடித்தது. சோற்றுக்கஞ்சி, மேலே வெள்ளையாக உறைந்த எண்ணெய், சுருட்டி எறிந்த லஞ்ச் சீற். எதிர்ப்பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் பின்கதவிலிருந்து வீதிக்குக் கீழால் ஒரு பிளாஸ்ரிக் குழாய், நேரே கானுக்குள். நோயாளியோடு நிற்கிறவர்களுக்குச் சாப்பாடு விற்கிற கடைதான். அந்தக் கடைக்கு ஒவ்வொரு வருடமும் உரிமம் புதுப்பித்துக் கொடுத்தது யார்? நாங்கள். அந்தக் கோப்பு எனக்கு அடுத்த மேசையில் இருந்தது.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். கான் சபையுடையதானால் துப்பரவும் சபையின் வேலை. கடையிலிருந்து வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கவேண்டும். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் அவர் நீதிமன்றம்வரை போகலாம். ஆஸ்பத்திரி வளவுக்குள்ளிருந்து வந்தால் பணிப்பாளருக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் எழுதுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. யாழ் நகரத்தில் கழிவுநீருக்கு என்று நிலத்தடிக் குழாய்த் தொகுதி கிடையாது. எல்லாம் மலசலகூடக் குழிதான். கீழே இருப்பதோ சுண்ணாம்புக்கல். குழியில் இறங்குவது கிணற்றில் ஏறுகிறது. நகர அபிவிருத்தி என்று எத்தனை படம் கீறினாலும் இது தீராமல் மற்றது தீராது. ஆனால் நிலத்துக்குக் கீழே போகிற வேலைக்கு நாடா வெட்ட ஏலாதே.

கேள்வி (நாவாந்துறை): சபைக் குப்பை வண்டி ஆஸ்பத்திரி ஊசி, பஞ்சு எல்லாம் அள்ளுமா?

பதில்: அள்ளக்கூடாது. மஞ்சள் பையில் போகும் தொற்றுக் கழிவு ஆஸ்பத்திரியின் பொறுப்பு, அதற்குத் தனி உரிமமும் வேண்டும். கறுப்புப் பையில் போகும் சாதாரணக் குப்பைதான் சபைக்கு. சபை குப்பை கொட்டும் கல்லுண்டாயில் மஞ்சள் பை கண்டால் படம் எடுத்துக்கொண்டு சுகாதார வைத்திய அதிகாரியிடம் போங்கள்.

கேள்வி (ஊர்காவற்றுறை): பஸ் நிலையத்தை மாற்றுவோம், மாற்றமாட்டோம் என்று வருடக்கணக்கில் இழுபடுகிறது. எங்களைப் போல் தீவிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்களை யாராவது கேட்டார்களா?

பதில்: அக்கா, இந்த வரிசையில் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். மத்திய பஸ் நிலையமும் பெரியாஸ்பத்திரியும் ஆஸ்பத்திரி வீதியோடு வீதியாக இருக்கின்றன. யாரும் திட்டம் போட்டு நோயாளிக்குச் செய்துகொடுத்த உதவி அல்ல, தானாக அமைந்தது. ஆனாலும் பெரிய உதவி. நெடுந்தூர பஸ்களுக்கு என்று தனி நிலையம் 2021 இல் திறந்தார்கள். தனியார் பஸ்கள் அங்கே போக, இலங்கைப் போக்குவரத்துச் சபை பழைய இடத்தை விட்டு அசைய மறுத்தது. அந்த இழுபறியில் ஒருவர் வருமானத்தைப் பேசினார், மற்றவர் நெரிசலைப் பேசினார். மருந்துப் பையும் கிளினிக் கொப்பியுமாக இறங்குகிறவரின் கதை எந்தப் பக்கத்திலும் பெரிதாகக் கேட்கவில்லை.

சபை தனியே தீர்க்கக்கூடிய விஷயமும் அல்ல இது. இ.போ.ச. மத்திய அரசின் கீழ். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. வீதிகளும் மூன்று வீட்டுப் பிள்ளைகள்: சிலது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சிலது மாகாணத் திணைக்களத்துக்கு, ஒழுங்கைகள் சபைக்கு. என்னைக் கேட்டால், நெடுந்தூர பஸ் எங்கேயும் போகட்டும். கொழும்புக்குப் போகிறவர் பெட்டியோடு ஓட்டோ பிடிப்பார். தீவுப்பகுதி, வடமராட்சி, தென்மராட்சி பஸ்களை மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளிவிடக்கூடாது.

கேள்வி (கந்தர்மடம்): நகர மண்டபம், கலாசார மையம், குளக்கரைப் பூங்கா என்று கட்டுகிறார்கள். இதெல்லாம் நகர அபிவிருத்தியா, காட்சிக்கா?

பதில்: இரண்டும் கலந்ததுதான். யுத்தத்தில் நகர மண்டபம் அழிந்த பின் மாநகர சபை நல்லூரில் ஒதுங்கியது. புதியதற்கு 2019 இல் அடிக்கல் வைத்து, பிறகு ஊர்ந்துதான் வேலை நடந்தது. இந்திய உதவியில் எழுந்த கலாசார மையம் 2023 பெப்ரவரியில் கையளிக்கப்பட்டது, 2025 இல் திருவள்ளுவர் பெயர் சூட்டப்பட்டது. நல்ல கட்டடம். கட்டுவதற்குக் காசு தர ஆள் வரும். மாதாமாதம் மின்கட்டணம் கட்ட ஒருவரும் வரமாட்டார். சபையின் கையில் இருப்பது சோலைவரி (வீடு, காணிக்கான வரி), கடை வாடகை, உரிமக் கட்டணம், அப்புறம் மாகாணத்தின் ஊடாக வரும் முத்திரைத் தீர்வை போன்றவை.

குளங்களை மட்டும் காட்சி என்று ஒதுக்கமாட்டேன். ஆரியகுளம் 2021 கடைசியில் புதுப்பித்துத் திறந்தபோது பலர் இருக்கைகளையும் மின்விளக்கையும்தான் பார்த்தார்கள். ஆனால் இந்த நகரத்தில் குளமும் வாய்க்காலும் கடலுமாக ஒரு சங்கிலி இருக்கிறது. மழைத் தண்ணியைக் குளம் தாங்கி, வாய்க்கால் எடுத்து, கடல்நீரேரியில் விடவேண்டும். நடுவில் ஒரு வளையத்தில் ஒருவர் மதில் கட்டினால் கார்த்திகை மழையில் பக்கத்து வளவுக்காரர் கட்டிலின்மேல் ஏறி இருப்பார்.

கேள்வி (பருத்தித்துறை): தண்ணி நிற்பதற்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன?

பதில்: 2024 நவம்பர் வெள்ளம் வடிந்து சில நாளில் உங்கள் பக்கம்தானே காய்ச்சல் வந்து உயிர்கள் போயின? முதலில் மர்மக் காய்ச்சல் என்று பயந்தார்கள். பிறகு எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்துசேர்ந்த அந்த நோய் தொடங்கியது வயலிலும் வெள்ளத் தண்ணியிலும். டெங்கும் அப்படி, மாரி தொடங்கினால் விடுதி நிரம்பும்.

அந்த டிசம்பரில் எங்கள் எந்தச் சபையிலும் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தன, அடுத்த தேர்தல் 2025 மே 6 இல்தான் நடந்தது. மாகாண சபையோ 2018 ஒக்டோபரோடு முடிந்தது, இன்னும் ஆளுநர் ஆட்சிதான். அதிகாரிகள் உழைத்தார்கள், மறுக்கவில்லை. 'என் ஒழுங்கையில் தண்ணி நிற்கிறது' என்று வீட்டுப் படலையைத் தட்டிச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் இருந்தது. இப்போது மாநகர சபையில் 45 பேர் இருக்கிறார்கள், அவர்களில் 27 பேர் வட்டாரத்துக்கு ஒருவராக வந்தவர்கள். தட்டுங்கள்.

கேள்வி (கொழும்புத்துறை): கடிதம் போட்டால் பதிலே வருவதில்லை.

பதில்: அப்போ கடிதம் போடாதீர்கள், தகவல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும், சபைக்கும் பொருந்தும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் ஆணைக்குழு.

கேள்வியைச் சின்னதாகக் கேட்கவேண்டும். 'ஏன் கான் துப்பரவில்லை' என்றால் ஒரு பக்கத்துக்குச் சாட்டு வரும். 'இன்ன வீதிக் கானைக் கடைசியாகத் துப்பரவு செய்த திகதி என்ன, அதற்குச் செலவான தொகை என்ன' என்று கேளுங்கள். திகதி இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தரவேண்டும். சபைக் கூட்டத்தில் அந்தத் தாளை நீட்டினால் உறுப்பினருக்குப் பேச்சுத் தானாக வரும்.

கேள்வி (பாசையூர்): ஆஸ்பத்திரி வாசலில் வாகனங்கள் குறுக்கும் மறுக்கும் நிற்கின்றன. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் வந்தால்கூட ஒதுங்க இடமில்லை.

பதில்: தரிப்பிடம் குறிப்பது சபை, பிடிப்பது பொலிஸ். இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, இருவர் பெயரையும் இரண்டிலும் போடுங்கள்.

கேள்வி (வேலணை): நோயாளியோடு வருகிறவர்கள் வெளியே வெயிலில் நிற்கிறோம். ஒரு நிழல், ஒரு வாங்கு, பெண்களுக்குச் சுத்தமான மலசலகூடம். இதை யார் செய்வது?

பதில்: மதிலுக்கு உள்ளே என்றால் ஆஸ்பத்திரி, வெளியே என்றால் சபை. நீங்கள் வேலணைப் பிரதேச சபைக்காரர், மாநகர சபைக்கு வாக்கு இல்லை. அது பரவாயில்லை, நகரத்துக்கு வருகிற எவரும் எழுதலாம். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தைச் சபை நிறைவேற்றுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். வருடக் கடைசியில் அந்த அறிவித்தலைக் கவனித்து, அதற்குள் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். ஜனவரியில் கொடுத்தால் 'ஒதுக்கீடு இல்லை' என்ற பதில்தான் வரும். கடிதத்தில் வீதியின் பெயர், எந்தக் கடைக்கு முன்னால் என்பதையெல்லாம் விவரமாக எழுதுங்கள். 'ஆஸ்பத்திரிக்குக் கிட்ட' என்று மட்டும் எழுதினால் யாரோ ஒரு எழுதுவினைஞர் அதை ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடுவார். நானும் ஒரு காலத்தில் அப்படி அனுப்பியவன்தான்.